உலிஸ் கைப்பட்ட தோட்டா

லேக் சார்ல்ஸ், லூசியானா
8 ஜூன் 1998

அன்புள்ள மாமாவுக்கு,

ரெனெல்லா எழுதுகிறேன். உங்கள் மகனும் நானும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்காக உங்களையும் பிரிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. போனில் பேசலாம் என்றால், நாற்பது வருடம் துப்பாக்கி ரிப்பேர் பார்த்து உங்கள் காது போய்விட்டது. போன தடவை "சௌக்கியமா மாமா" என்று கேட்டதற்கு, "இறாலா? இன்னும் சரியா விழலம்மா" என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

ஓர் உதவி வேண்டும். உடம்போடு மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன். வகுப்புக்குப் போய், கைரேகை கொடுத்து, அனுமதி அட்டையும் வாங்கிவிட்டேன். வகுப்பு நடத்தியவர் பழகிப் பார்க்கச் சொல்லி ஒரு சின்னக் கறுப்பு பிஸ்டலைக் கொடுத்தார். அதைத் தோல் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். என் வேலைதான் தெரியுமே, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். நாடா வைத்த கால்சட்டை, பெல்ட் கிடையாது, காரில் ஏசி செத்து இரண்டு வருடம். மூன்றே நாளில் உருவிப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் துரு. திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. அதில் தோட்டா ஏற்ற மேல் பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். என் வலது கையில் வெந்துபோன இரண்டு விரல்களும் சரியாக மடங்குவதில்லை, இழுக்க வலு வரவில்லை. இந்த ஈரத்திலும் வியர்வையிலும் காலை வாராத துப்பாக்கி எது? ஏன் எதற்கு என்று கேட்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள் (இன்னும் அப்படித்தான் போடுகிறேன்),
ரெனெல்லா


டுலாக்
12 ஜூன் 1998

என் செல்ல மருமகளுக்கு,

தோல் உறையா! உன் வாத்தியார் எந்த ஊர்க்காரர், பாலைவனமா? நம் பக்கத்தில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். தோல் அந்த வியர்வையை எல்லாம் குடித்துவிட்டு இரும்புக்கு ஊட்டிவிடும். போன வாரம்கூட ஒருத்தன் தாத்தா காலத்துப் பிஸ்டலை உறையோடு கொண்டுவந்து கொட்டினான். "ஏன்யா, இதைக் கடல்லேர்ந்து தோண்டி எடுத்தியா?" என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கேட்டுக்கொள். உனக்குப் பிஸ்டல் வேண்டாம், ரிவால்வர்தான். ஐந்து தோட்டா பிடிக்கிற குட்டி ரிவால்வர். துருப்பிடிக்காத எஃகு. அது பெயருக்குத்தான், அதுவும் துருப்பிடிக்கும், ஆனால் சோம்பேறித்தனமாகப் பிடிக்கும். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் வகையாக இருக்கட்டும், உருவும்போது துணியில் மாட்டாது. இழுக்க ஒன்றும் இல்லை, விரலை அழுத்தினால் போதும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்து, அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி ஆனால் சரிசெய்ய இரண்டு நல்ல கை வேண்டும். தோலுக்குப் பதில் வயிற்றில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டி, அதற்குள் பிளாஸ்டிக் உறை. தினமும் வீட்டுக்கு வந்ததும் துடைக்க வேண்டும். உன் மாமியார் உயிரோடு இருந்தபோது என்னைவிட அந்தத் துப்பாக்கிகளைத்தான் அதிகம் துடைத்தாள்.

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? கிராஃபிஷ் நண்டு வேகிற அண்டாவில் கால் தடுக்கிக் கையை விட்டவள் நீ. உனக்கு எதற்கு அம்மா துப்பாக்கி? யாராவது தொந்தரவு செய்கிறானா? டெரல் நேற்றுத்தான் நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றிலிருந்து கரைக்கு வந்தான், வழக்கம்போலப் பதினாலு நாள் இருப்பான். வேண்டுமானால் அவனை அனுப்பட்டுமா? என்ன இருந்தாலும் கட்டினவன்தானே.

உன் மாமன்,
உலிஸ் டோமாங்


லேக் சார்ல்ஸ்
17 ஜூன் 1998

மாமாவுக்கு,

அவனை அனுப்ப வேண்டாம். அவனுக்காகத்தான் துப்பாக்கியே.

என் கால் தடுக்கவில்லை, மாமா. போன வருட ஈஸ்டருக்கு முந்தின நாள் நீங்கள் எல்லோரும் படகுத்துறையில் பீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். உப்பு போதாது என்று நான் சொன்னேன். "எங்க, தொட்டுப் பாத்துச் சொல்லு" என்றான். என் மணிக்கட்டைப் பிடித்துக் கொதிக்கும் அண்டாவுக்குள் அழுத்தினான், ஐந்து வரை எண்ணினான். என் கத்தல் கேட்டு நீங்கள் ஓடிவந்தபோது, "தடுக்கிட்டா" என்றான். நானும் தலையை ஆட்டினேன். நீங்கள் கற்றாழையைத் தடவிக்கொண்டே, "நண்டு பிடிக்கத் தெரியாதவ அண்டாவுல பிடிக்கப் பாத்தாளாம்" என்று சிரித்தீர்கள். தோல் உரிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் விலா எலும்பு, அதற்கும் முன்னால் வயிற்றில் இருந்த மூன்று மாதக் கரு. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

போன மாதம் கரைக்கு வந்திருந்தபோது இங்கே வந்தான். என் நாயைக் கொன்று, மீன் அறுக்கும் கத்தியாலேயே அதைத் தபால்பெட்டியில் குத்தி வைத்திருந்தான். நான் கார் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "அடுத்தது நீதாண்டி. அவசரமில்ல, எனக்குப் பதினாலு நாளைக்கு ஒருதடவை லீவு" என்றான். அவன் கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்தது. போலீஸ்காரரே, "இதை மடிச்சு நெஞ்சுல வச்சுக்கிட்டா கத்தி நிக்காதும்மா" என்றார். நான் வகுப்பில் சேர்ந்தது அன்றைக்குத்தான். இப்போது அவன் கரையில் இருப்பதால் ஒரு தோழி வீட்டில் ஒளிந்திருக்கிறேன். இதுதான் கடைசித் தடவை என்று அவள் புருஷன் சொல்லிவிட்டான்.

உங்களிடம் இதைக் கேட்பது கொடுமை என்று தெரியும். ஆனால் துப்பாக்கி என்றால் எனக்கு உங்களைத்தான் தெரியும்.

ரெனெல்லா


டுலாக்
22 ஜூன் 1998

மருமகளுக்கு,

நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை.

நேற்று அவனை உட்கார வைத்து, "அண்டாவுல அவ கையை அழுத்தினது நீயாடா?" என்று கேட்டேன். என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான்: "அவ என் பொண்டாட்டி. அழுத்துவேன், அறுப்பேன், உனக்கென்ன?" கோர்ட்டு அறுத்துவிட்டு ஆறு மாதம் ஆச்சுடா என்றேன். என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். கீழ்ப்பல் இரண்டு போயிற்று. எழுபத்தொரு வயதில் என் ரத்தத்தை நானே தரையிலிருந்து துடைத்தேன். அவன் உட்கார்ந்து மீதி கம்போ குழம்பைச் சாப்பிட்டான்.

அவனை நான் எப்போதும் அடித்ததில்லை. அடித்திருக்க வேண்டுமோ, அதுவும் தெரியவில்லை. ஐந்து வயதில் வாத்துக்குஞ்சு செத்ததற்கு மூன்று நாள் அழுதவன். அந்தப் பையன் எங்கே போனான் என்று நானும் உன் மாமியார் கல்லறையில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

என் மகனைச் சுட என்னிடமே துப்பாக்கி கேட்கிறாய். தருகிறேன். வியாழக்கிழமை அவன் கடலுக்குப் போகிறான், ஜூலை ஒன்பதுதான் திரும்புவான். இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறு, நேரில் வா.

உலிஸ்


லேக் சார்ல்ஸ்
2 ஜூலை 1998

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்த ரிவால்வரைப் பட்டியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டுதான் நாலு நாளாக வேலைக்குப் போகிறேன். மிஸ்டர் ப்ரூசார் என்று ஒரு நோயாளி, "என்ன நர்சம்மா, சேதி ஏதும் உண்டா? வயிறு தெரியுதே" என்றார். "ஆமாம், இரும்புக் குழந்தை" என்றேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் சதுப்பில் அன்று ஐம்பது தோட்டா சுட்டேனே, ஒன்றுகூடச் சொதப்பவில்லை. அந்தத் தைரியம் இன்னும் கையில் இருக்கிறது. கடைசியில் ஐந்து தோட்டாக்களை நீங்களே போட்டு மூடிக் கொடுத்தீர்கள். டோமாங் கடையிலிருந்து எந்தத் துப்பாக்கி போனாலும் முதல் தோட்டாக்கள் உலிஸ் கைப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது டுலாக்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் அந்த மரியாதை கிடைத்ததே என்று கண் கலங்கிவிட்டது.

வகுப்பு வாத்தியாரிடம் காட்டினேன். வாரம் ஒருமுறை தோட்டாவைக் கழற்றித் துடைக்க வேண்டும், இந்த ஈரத்தில் மாதம் ஒருமுறை புதிசு போட வேண்டும் என்றார். "எங்க மாமா வெளியே மட்டும் துடைச்சா போதும், திறக்காதேன்னு சொல்லியிருக்கார். அவர் கைப்பட்டதை நான் திறக்க மாட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

பல் எப்படி இருக்கிறது? கஞ்சி மாதிரிக் குழைத்த சோறாகச் சாப்பிடுங்கள், பன்றி வறுவலைக் கடிக்காதீர்கள். ஒன்பதாம் தேதி அவன் கரையிறங்குகிறான். ஆனாலும் இந்தத் தடவை ஒளியப் போவதில்லை. என் வீட்டிலேயே இருக்கப் போகிறேன்.

உங்கள் மருமகள்,
ரெனெல்லா


டுலாக்
8 ஜூலை 1998

மகளே,

இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ரிவால்வரைத் திற. ஐந்தையும் கொட்டிவிட்டு, கடையில் வாங்கின புதுத் தோட்டாவைப் போடு. பிறகு மீதியைப் படி.

முதலில் வெடிக்க வேண்டிய தோட்டா செத்தது. நான்தான் சாகடித்தேன். மெல்லிய எண்ணெயில் ஐந்து நாள் ஊறப்போட்டேன். அதே எண்ணெயில் ஊறின வேறு ஆறை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஏழாவதை உனக்குப் போட்டேன். மற்ற நான்கும் நல்லவை, என் மனைவி கல்லறை மேல் சத்தியம்.

நான் நினைத்தது இதுதான். அவன் துப்பாக்கிக்கடைக்காரன் மகன். குழலைப் பார்ப்பான், விசையை நீ அழுத்துவதையும் பார்ப்பான். இவள் நிஜமாகவே சுடுகிறாள், தெய்வாதீனமாகத் தப்பினோம் என்று ஓடிவிடுவான். அவனுக்கு ஒரு சந்தர்ப்பம், அதன் பிறகு உனக்கு நான்கு. நியாயம் மாதிரித்தான் பட்டது. உன் கடிதம் வந்த பிறகு படவில்லை. நான் திறக்காதே என்றதை நீ வேதமாக எடுத்துக்கொண்டாய். நாலு நாளாக உன் வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, பேனாவை எடுக்கப் பயந்துகொண்டு கிடந்தேன். நான் கோழை.

நானே போன் செய்தால் எடுத்தது நீயா வேறு யாராவதா என்றுகூட என் காதுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஒலெட்டாவை விட்டு உனக்குப் போன் செய்யச் சொல்லலாம். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், நாளைக்குக் கரையிறங்கும் டெரலுக்கும் தெரிந்துவிடும். கண் புரையோடு நாலு மணி நேரம் வண்டி ஓட்டவும் முடியாது. தபால் இரண்டு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். அவன் கரைக்கு வந்தால் முதல் இரண்டு நாள் குடித்துவிட்டுத் தூங்குவான். அதை நம்பித்தான் இதைப் போடுகிறேன்.

மன்னித்துவிடு, மகளே.

உலிஸ்


லேக் சார்ல்ஸ்
20 ஜூலை 1998

மாமா,

உங்கள் கடிதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை காலையில் வந்தது. டெரல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான். இந்தத் தடவை அவன் தூங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறான். கையில் அதே மாதிரிக் கத்தி. என் ஐஸ் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையைத் தூக்கி ரிவால்வரை எடுத்தேன். நீங்கள் கற்றுக்கொடுத்த மாதிரியே பிடித்தேன். "டெரல், வெளியே போ. சுட்டுடுவேன்" என்றேன். "சுடு பாப்போம்" என்று ஓர் எட்டு வைத்தான். அழுத்தினேன். டிக் என்றது.

அவன் ஓடவில்லை, மாமா. சிரித்தான். "எங்க அப்பன் ரிவால்வரா? அதுவே உன்னைச் சுட விடலயே, அவருக்குத் தெரியும்டி யாரு பிள்ளைன்னு" என்றான். எதையும் தெரிந்து சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்த டிக் அவனுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. ஒரே பாய்ச்சல். கத்தி என் தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. இடது கையால் என் கழுத்தைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து நெரித்தான். எங்களுக்கு நடுவில் ரிவால்வர் மட்டும்தான் இருந்தது. குழல் அவன் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். நீங்கள் சத்தியம் செய்த நான்கும் வெடித்தன.

அவன் உயிர் உடனே போகவில்லை. நான் நர்ஸ், என் கை சும்மா இருக்காது. துண்டை எடுத்து அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தேன். என் ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே துண்டில். வாத்துக்குஞ்சுக்காக அழுத பையனை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் எழுதலாம் என்று நினைத்தேன், மனசு வரவில்லை.

வெடிக்காத தோட்டாவைத் துப்பறிவாளர் எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்து, "தோட்டாவுக்குள்ள எண்ணெய் இறங்கியிருக்கும்மா. இந்த ஊர்ல ஈரத்துக்குப் பயந்து ஆளாளுக்கு எண்ணெயை ஊத்தி ஊத்தித் தோட்டாவைக் கொன்னுடறாங்க. நீயும் அதைத்தான் பண்ணியிருக்கே, இல்லையா?" என்றார். ஆமாம், நான்தான் ஊற்றினேன் என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்களை யாரும் தேடி வர மாட்டார்கள்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் ஊர் என்ன செய்திருக்கும் என்பதல்ல காரணம். உங்கள் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். பத்து நாள் சொல்லாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

முதல் தடவை அழுத்தியபோது அவன் ஆறடி தள்ளி நின்றான். குறி பார்க்க எனக்கு நேரம் இருந்தது. நெஞ்சைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தேன். வகுப்பில் அப்படிச் சொல்லித்தரவில்லை, கூடாது என்றுதான் சொன்னார்கள். டுலாக்கிலிருந்து திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன்: முதல் குண்டு காலுக்கு. நொண்டியானாலும் உயிரோடு உங்களிடம் திரும்பி வரட்டும் என்று.

அவன் பிழைக்கட்டும் என்று நீங்கள் ஒரு தோட்டாவை ஒதுக்கினீர்கள். நானும் அதே தோட்டாவைத்தான் அதற்காக ஒதுக்கியிருந்தேன்.

ரெனெல்லா