குழியோரத்து எலுமிச்சம்பழம்

வேலூரில் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஜோலார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஆம்பூர் நெருங்கும்போதே பேருந்து ஜன்னல் வழியாகத் தோல் வாடை வந்துவிட்டது. மூக்கைப் பொத்தப் போன கை, சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியில் தட்டியது. "உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு" என்று உன் மனைவி கிளம்பும்போது கொடுத்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய ஓர் எலும்புத் துண்டு.

எழுபதுகளின் கடைசியில், இதே பாலாற்றங்கரையில் நம் கல்லூரி வகுப்பு ஆய்வுக்காகத் தோண்டிய குழி. காட்டெருமை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு என்று பேராசிரியர் குதித்தார். எனக்குச் சந்தேகம். தோல் கம்பெனிகள் சூழ்ந்த ஊரில் மாட்டெலும்புக்கா பஞ்சம்? நீ ஒரு துண்டை நாக்கில் வைத்தாய். மிகப் பழைய எலும்பு என்றால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், புதுசு ஒட்டாது.

"ஒட்டுச்சா?" என்றேன்.

துப்பிவிட்டு, "நீயே வெச்சுப் பாரேன்" என்றாய். கம்பெனிக் கழிவோ என்னவோ, அதை நான் வாயில் வைப்பேனா?

பிறகு எலும்புகள் குறைய ஆரம்பித்தன. திருடி எலும்பு மில்லுக்கு எடைக்குப் போடுகிறவர்கள் வேலை என்றாய். மறுநாள் காலை குழியோரத்தில் நீ வைத்த, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். "இனிமே எவனும் கை வைக்கமாட்டான்டா" என்று சிரித்தாய். உண்மைதான், நாமும் வைக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஊரே கற்பூரத்தோடு வந்துவிட்டது. "அம்மா எறங்கியிருக்கா, மண்வெட்டிய எட்த்துக்கினு கெளம்புங்க" என்றார்கள். பேராசிரியர் கெஞ்சிப் பார்த்தும் பலிக்கவில்லை. ஆய்வு அதோடு முடிந்தது.

நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். எலும்பு ஒட்டவில்லை, பேராசிரியர் மானத்தைக் காப்பாற்றத்தான் குழியை மூடவைத்தாய் என்று. பார்க்கும்போதெல்லாம் கேட்டேன், உன் மகள் கல்யாணப் பந்தியில்கூட. "இன்னாடா உன்னோட பேஜாரு! நீ போலீசுல சேந்திருக்கணும்" என்பாய். பதில் மட்டும் சொன்னதேயில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் தூங்கியதும் அந்தத் துண்டை நாக்கில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. உடனே பிடுங்க மனம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

வாணியம்பாடி வருவதற்குள் அடுத்த சந்தேகம் முளைத்துவிட்டது. இது அந்தக் குழியில் எடுத்ததுதானா, இல்லை என் வாயை அடைக்க வேறெங்கோ தேடிப் பிடித்தாயா? கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல நீ வேண்டுமேடா.