இரண்டாம் வாசிப்பு

அக்கா,

இன்று காலை பிடோக்கில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த சீன அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து சின்னத் தைலப் புட்டியை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டார். வாசனை வந்ததுமே எனக்கு நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம்தான் கண்முன் வந்தது. குளிர் தாங்காமல் நீங்கள் இதே தைலத்தை எடுத்துக் கையிலும் கழுத்திலும் தேய்க்க, முன்வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்களே, அந்த நாள். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்க வேண்டியவள் அதையே நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது பேச்சுப் பயிற்சி நிலையத்தின் காத்திருப்பு அறையில். என் மீராவுக்கு அப்போது பேச்சு வரவில்லை, நடப்பதற்கும் ஆள் துணை வேண்டும். உங்கள் மகன் ஜெரோம் அதற்குள் வளர்ந்து இளைஞனாகியிருந்தான். என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டதா என்று கேட்டீர்கள். கிடைக்கவில்லை. ஓரிடத்தில் இடமில்லை என்றார்கள், இன்னோரிடத்தில் இவளைக் கவனிக்கும் அளவுக்கு ஆள் இல்லை என்றார்கள். சொன்னவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போயாக வேண்டும் என்ற சட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள நம் பிள்ளைகள் அப்போது சேர்த்தி இல்லை. மீரா வீட்டிலேயே இருந்தால் அது யாருடைய தவறும் இல்லை. அதுதான் என்னை வாட்டியது.

அந்தச் சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, தஞ்சோங் பகாரில் இருந்த உங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்திலிருந்தே எனக்குப் போன் செய்தீர்கள்.

"கலா, மசோதா வருது. லீவு போடு. நேர்ல போய்ப் பாக்கணும் லா."

முதல் வாசிப்பு என்றால் என்னவென்று நம் இருவருக்குமே தெரியாது. முழு மசோதாவையும் வரிவரியாக வாசிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு போனோம். நீங்கள் ஈஸ்டருக்கு எடுத்த பட்டுப்புடவையில் வந்திருந்தீர்கள். அடையாள அட்டையைக் காட்டி, கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, உள்ளே நுழையும்போது அவையை நடத்தும் நாயகரின் இருக்கையை நோக்கித் தலைவணங்கி உட்கார்ந்தோம். அமைச்சர் எழுந்தார். அதிகாரி ஒருவர் மசோதாவின் தலைப்பை மட்டும் வாசித்தார். அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் என் காதருகே குனிந்து கேட்டது இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது.

"கல்யாணத்துக்கு வந்தா, மாப்பிள்ளை பேரை மட்டும் சொல்லிட்டு சாப்பாடு முடிஞ்சிருச்சுங்கறாங்க?"

வெளியே வந்து தேக்கா உணவங்காடிக்குப் போனோம். தோசை வரும்வரை, வழியில் ஒரு கடையில் அச்சடித்து வாங்கிய மசோதாவை மேசையில் பரப்பி இருவரும் சேர்ந்து படித்தோம். நம் பிள்ளைகளும் இனி பள்ளிக்கூடம் போயாக வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்தேன். நீங்களோ அடுத்த பக்கத்தில் விரலை வைத்துவிட்டீர்கள். படிப்பால் பயன்பெற முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு விலக்கு அளிக்கலாம் என்று அங்கே ஒரு வரி இருந்தது.

"பயன்பெற முடியாதுன்னு யாரு முடிவு பண்றது?" என்று கேட்டீர்கள். தோசை ஆறிப்போயிற்று. மீரா மாதிரி ஒரு பிள்ளையைப் பார்த்தவுடனே யாராவது ஒருவர் அந்த வரியைக் காட்டிக் கதவைச் சாத்திவிடலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வது போல் இருந்தது.

அதன்பிறகு நீங்கள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. எங்கள் தொகுதி எம்பி மக்களைச் சந்திக்கும் நாளில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மீராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நான் பேச வேண்டியதையெல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முறை வந்ததும் ஒன்றும் வரவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். எங்களுக்கு உதவித்தொகை வேண்டாம், சிபாரிசும் வேண்டாம், விவாதம் நடக்கும் இரண்டாம் வாசிப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றீர்கள்: பெற்றோர் கேட்காமலே ஒரு பிள்ளைக்கு விலக்கு கொடுக்க முடியுமா? அவர் மசோதாவை வாங்கி அந்த வரியைத் தாமே ஒருமுறை படித்தார். முயற்சி செய்கிறேன் என்றார். திரும்பி வரும்போது, அந்தச் சொல்லை நம்பலாமா கூடாதா என்று லிஃப்ட் வரும்வரை வாதாடினோம்.

இரண்டாம் வாசிப்பு நாளன்று மீராவுக்குக் காய்ச்சல். என்னால் வர முடியவில்லை. வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்க்கும் வசதி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. நீங்கள் தனியாகப் போனீர்கள். மதியம் போயிற்று, சாயங்காலம் ஆயிற்று, உங்களிடமிருந்து போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தோற்றுவிட்டோம், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். ஈரத்துணியை மீராவின் நெற்றியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இனி எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீங்கள், கையில் கறிபஃப் பொட்டலத்தோடு.

"ஏன்க்கா போனை எடுக்கல?" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டதால் கோபமாகத்தான் வந்திருக்கும்.

"போன்ல சொன்னா உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? உக்காரு."

உட்கார வைத்து, சமையலறை மேசையைத் தட்டி அவையைக் கூட்டினீர்கள். எம்பியாக எழுந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தீர்கள். நடுவில் கொட்டாவி விட்ட ஓர் உறுப்பினரைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு அமைச்சராக நிமிர்ந்து நின்று, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னீர்கள். விலக்கைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பதற்கு எந்தப் பள்ளியும் அதைக் காரணம் காட்ட முடியாது. பிள்ளைக்கு ஏற்ற இடத்தைத் தேடித்தருவது இனி அரசாங்கத்தின் பொறுப்பு. நான் நம்பாமல் திரும்பச் சொல்லச் சொன்னேன். சலிக்காமல் அமைச்சர் மறுபடியும் எழுந்து நின்றார். மூன்றாம் வாசிப்பும் அன்றே முடிந்து மசோதா நிறைவேறிவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

அப்புறம் நான் அழுதேன். மீரா உங்கள் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று அசந்து தூங்கினேன், அக்கா. அவள் பிறந்த பிறகு அப்படித் தூங்கியதில்லை.

ரொம்ப நாள் கேட்கத் தயங்கிய ஒன்றை, மீரா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வாரத்தில் உங்களிடம் கேட்டேன். ஜெரோம் பள்ளி வயதைத் தாண்டிவிட்டான். இந்தச் சட்டத்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு அலைந்தீர்கள்? 

"அவன் சின்னதா இருந்தப்ப, கீழ ஸ்கூல் பஸ் வந்தா பையை மாட்டிக்கிட்டு கதவுகிட்ட போய் நிப்பான். பஸ் போயிரும். பையைக் கழட்டி வச்சிடுவேன். மறுநாளும் நிப்பான்."

நோய் உங்களைச் சீக்கிரமாகக் கொண்டுபோய்விட்டது. கடைசி மாதங்களில் ஜெரோமைப் பற்றிய கவலைதான் உங்களை அரித்தது. அதை நினைத்து இனிக் கலங்க வேண்டாம். சிராங்கூனில் உங்கள் தங்கை வீட்டில் நன்றாக இருக்கிறான். பயிற்சிப் பட்டறையில் ரொட்டிக்கு மாவு பிசைகிறான். போன ஞாயிறு தேவாலயத்தில் என்னைப் பார்த்ததும் புதுக் காலணியைத் தூக்கிக் காட்டினான், பூசை நடக்கும்போதே. உங்கள் பிள்ளைதான்.

இப்போது காத்திருப்பு அறைகளில் புதுப் பெற்றோர்களோடு நான் உட்காருகிறேன். கல்வி தொடர்பாக எந்த மசோதா வந்தாலும் அச்சடித்து எடுத்துப் போய், எங்கே விரலை வைக்க வேண்டும் என்று காட்டுகிறேன். முதல் வாசிப்புக்கு லீவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமைச்சர் பதில் சொன்ன விதத்தைச் சொல்லும்போது என்னையறியாமல் உங்களைப் போலவே நிமிர்ந்து நின்றுவிடுகிறேன். உண்மையில் அவர் எப்படிப் பேசினார் என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஒருநாள் மீராவுக்கு வயிறு சரியில்லை. அவசரத்தில் பள்ளிக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டேன். காலையிலேயே போன் வந்தது. அவளுடைய ஆசிரியை. மீரா ஏன் இன்னும் வரவில்லை என்று கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டார். பதில் சொல்லாமல் நான் சிரித்துவிட்டேன். அவர் குழம்பிப்போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். நாளைக்குக் கட்டாயம் வந்துவிடுவாள் என்றேன்.