வள்ளத்துக்குப் பூசிய எண்ணெய்

மணத்தால் வள்ளம் கண்ட என் அக்காவுக்கு,

உன் மகளுக்குச் சின்னமுத்து வந்தது. நீ காய்ச்சலில் செத்துப்போனபின் இந்த வீட்டில் நோயில் படுத்தது அவள்தான்.

உனக்கு அது வந்தபோது நான் பிறக்கவில்லை. அம்மா சொல்லித் தெரியும். வாசலில் வேப்பிலை. இருட்டறை. அம்மாள் நிற்கும் வீடென்று அடுப்பில் மீன் ஏறவில்லை. உடம்பு தேறியது, கண்களில் பூ விழுந்தது. பார்வையை அம்மாள் எடுத்துக்கொண்டா என்றார்கள்.

எனக்குத் தெரிந்த நீ அதற்குப் பிந்தியவள். பொழுதுபடக் கரைக்குப் போவோம். நிற்கிற வள்ளங்களில் அப்புவினுடையதை மூக்கால் கண்டுபிடிப்பாய். “அப்பு மட்டும்தானடா சுறா எண்ணெயைக் கருகவிட்டுக் காய்ச்சிப் பூசுறவர்” என்று சிரிப்பாய்.

கொழும்பில் ஒரு விரிவுரையில் கேட்டேன். சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, பிள்ளையின் உடம்பிலுள்ள ஒரு சத்தைத் தின்றுவிடுமாம். முதலில் அந்தியில் பார்வை மங்கும். பிறகு கருவிழி வறண்டு பூ விழும். அந்தச் சத்து மீன் ஈரலில், அப்பு எண்ணெய் காய்ச்சும் சுறா ஈரலில், நிறைய உண்டாம்.

வெளியே வந்து நின்றேன். கொழும்புத் தெருவில் சுறா எண்ணெய் மணத்தது.

அந்த மணத்துக்குள்ளேதானே நீ வாழ்ந்தாய், அக்கா? நாங்கள் அதை மரத்துக்குப் பூசினோம். மரம் உக்கி உதிரவில்லை.

விடுமுறையில் நெடுந்தீவுக்கு வந்த அன்று, விளக்கு வைக்கும் நேரம், உன் மகள் வாளியில் இடறி விழுந்தாள். பகலில் வாளி அவளுக்குத் தெரிந்தது.

நான் எண்ணெய் கேட்டேன்.

“அம்மாள் நிக்கிற வீட்டில மீன் மச்சமோ? இதைத்தானோ கொழும்பில படிச்சனி?” என்றாள் அம்மா. “தலைக்குத் தண்ணி வாத்து முடியட்டும். பிறகு குடு.”

“என்ர மூத்த மகளுக்கும் தண்ணி வாக்கும் வரைக்கும் பொறுத்தனாங்கள்” என்றார் அப்பு.

அவர் எழுந்து அடுப்பை மூட்டினார்.

“அம்மாளுக்குக் கோவமெண்டால் என்னில வரட்டும். நான் கடலில நிக்கிறவன். பிடிக்கிறது அவவுக்கு லேசு.”

அவரே புது ஈரலைக் காய்ச்சினார். இந்த முறை கருகவிடவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியை நீட்டினாள். உன் மகள் விழுங்கிவிட்டு, “வள்ளத்தை நக்கின மாதிரிக் கிடக்கு” என்றாள்.

அவள் முகத்தை நீ விரல்களால் மட்டுமே அறிந்தாய். அவளுக்கு உன் கண்களாம். பூ விழுமுன் இருந்தவை. நான் ஒருபோதும் காணாதவை. அவை என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன்?

இன்று அந்தியில் அவளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். என் விரலைப் பிடித்திருந்தாள். தண்ணீர் கறுத்துவிட்டது.

“மாமா, அப்புவின்ர வள்ளம் வருகுது.”

என் கண்ணுக்கு அது இன்னும் தெரியவில்லை. காற்று எங்கள் முதுகில் அடித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணமும் வரவில்லை.

இந்தக் கரையில் எந்த வாசலில் வேப்பிலை கண்டாலும் எண்ணெய்ப் போத்தலோடு போய் நிற்பேன். ஏச்சு விழட்டும். கதவு திறக்கும்வரை நிற்பேன், அக்கா.

உன் விரல் பிடித்து நடந்த தம்பி