லாஷினின் பகல்பொழுது

அல்மாட்டி,
அக்டோபர் 6

அன்புள்ள தொக்தார் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஜிபெக் எழுதுவது. நான் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இதை வேன் டிரைவர் பெய்சென் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊருக்குப் போன் போட்டால் காற்றுதான் பேசுகிறது.

நீங்கள் கொடுத்த நாய் லாஷின் விஷயமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டு விருந்தில் அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்டேன். அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது என்பதால் நீங்களும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். தனியாக இருக்கிற வீட்டில் ஒரு உயிர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் கேட்டேன். வேட்டை நாய் நாலாவது மாடியில் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறேன். அதற்குள் பூட்ஸ் போயிற்று, ஜன்னல் திரை போயிற்று, சோபாவில் பாதி போயிற்று. கீழ்வீட்டு லிதியா பாவ்லோவ்னா என்னைப் படியிலேயே பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உன் நாய் குரைச்சாக்கூடப் பரவாயில்ல. அழுவுது. கேக்க முடியல."

வேலை நேரத்தில் இதைத் தனியே விடலாமா, கூடாதா? மழுப்பாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஜிபெக்


கராபுலாக்,
அக்டோபர் 15

மருமகள் ஜிபெக்குக்கு,

ஆடும் குதிரையும் நலம். அத்தைக்கு முட்டிதான் வலி, வாய் நலம்.

விடலாம். ஆனால் முதலில் நன்றாக ஓடவிட்டு, பிறகு விட வேண்டும். நீ அதைக் கயிற்றில் பிடித்து வீதியில் உலா கூட்டிப்போவாய், எனக்குத் தெரியும். அது நடக்கப் பிறந்த சாதி இல்லை. விடிந்ததும் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் நாக்கு தொங்கும்வரை ஓடவிடு. பிறகு கடிக்க ஒரு எலும்பு கொடு. உன் பழைய சட்டையை அதன் படுக்கையில் போடு. போகும்போது, போருக்குப் போகிறவள் மாதிரி கட்டிப்பிடித்துக் கொஞ்சாதே. சத்தமில்லாமல் கதவைச் சாத்து.

இங்கே ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு நாயோடு வேட்டைக்குப் போகிறேன். முயல் இடப்பக்கம் ஓடினால் அது வலப்பக்கம் பார்த்துக் குரைக்கிறது. என் தலையெழுத்து.

தொக்தார்


அல்மாட்டி,
நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன். ஆற்றங்கரையில் ஓடவிட்டேன், எலும்பு கொடுத்தேன், சட்டையைப் போட்டேன். மதியம் லிதியா பாவ்லோவ்னாவே சாவி வாங்கிக்கொண்டு மேலே வந்து அதனோடு கொஞ்ச நேரம் உட்காருகிறார். திட்டிக்கொண்டேதான் வருகிறார், ஆனால் கையில் தொத்திறைச்சித் துண்டு இருக்கிறது.

இப்போது அழுவதை நிறுத்திவிட்டது. எதையும் கடிப்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கதவோரம் படுத்தே கிடக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை. மிருக டாக்டர் நோய் எதுவும் இல்லை என்கிறார். மாமா, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. அதைக் கொண்டுவந்து விடட்டுமா?

ஜிபெக்


கராபுலாக்,
நவம்பர் 20

ஜிபெக்குக்கு,

மருமகளுக்குக் கொடுத்ததை மாமன் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. "தொக்தார் குடுத்த கையாலயே புடுங்கிக்கிட்டான்"னு ஊர் பேசும். உன் அம்மா உயிரோடு இருந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். சீரைத் திருப்பித் தருவது உறவே வேண்டாம் என்பதற்குச் சமம், அது உனக்குத் தெரியாததா?

நாய் பாரமாக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு. யாருக்கு என்று எனக்கு எழுதாதே.

தொக்தார்


அல்மாட்டி,
டிசம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. பெய்சென் அண்ணனைப் பிடித்து, "எங்க மாமாவுக்கு அந்த உதவாக்கரை நாயே போதுமாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எந்த நாயி? பக்கத்து வீட்ல பூனைதான் இருக்கு. உங்க மாமா எங்க வேட்டைக்குப் போறாரு? மொதப் பனி விழுந்த அன்னிக்கு, வேட்டைக்குக் கெளம்புற மாதிரி குதிரைக்குச் சேணம் போட்டாரு. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னாரு. அப்புறம் கழட்டி வச்சிட்டு உள்ள போயிட்டாரு."

இல்லாத நாயை எனக்காக வளர்த்திருக்கிறீர்கள். என் மனம் நோகக்கூடாது என்றுதானே?

சரி, வழக்கம் என்றால் வழக்கமாகவே பேசுவோம். அக்கா பிள்ளை தாய்மாமனிடம் மூன்று முறை கேட்கலாம். நான் ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். இது இரண்டாவது, பெய்சென் அண்ணன் சாட்சி. லாஷினுக்கு உங்கள் வீட்டில் பகல்பொழுது வேண்டும். என் நாய் உங்கள் குதிரைக்கு முன்னால் ஓட வேண்டும். நாய் என்னுடையதுதான். நான் திருப்பித் தரவும் இல்லை, நீங்கள் பிடுங்கவும் இல்லை. மருமகளை நோகடித்த மாமனுக்குக் கை நடுங்கும் என்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு லாஷினையும் வண்டியில் அனுப்புகிறேன், ஏற்றியாயிற்று. படுக்க என் சட்டையும் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி கட்டிப்பிடிக்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே இதை முடிக்கிறேன். லிதியா பாவ்லோவ்னாவும் அழுகிறார்.

உங்கள் மருமகள்,
ஜிபெக்


கராபுலாக்,
டிசம்பர் 12

என் அக்கா பெற்ற ஜிபெக்குக்கு,

பெய்சென் வண்டிக் கதவைத் திறந்ததும் உன் நாய் என்னைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. "போச்சு, ரெண்டாவதாக் கேட்டதும் வீணாப் போச்சு" என்றாள் உன் அத்தை. அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து அதன் கழுத்தைத் தடவினேன். "பனிக்காத்து பட்டா கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நல்லவள்.

இரண்டாவதும் கொடுத்தாயிற்று. மூன்றாவதைச் சில்லறையாகச் செலவழிக்காதே. நேற்று ஒரு நரி பிடித்தோம். நாய் உன்னுடையது, அதனால் தோலும் உனக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகல் முழுக்க என்னோடுதான் ஓடுகிறது, தின்கிறது. பொழுது சாய்ந்ததும் உன் சட்டையை வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறது. அதன்மேல் படுத்து அல்மாட்டிச் சாலையைப் பார்க்கிறது. நீ வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரம் அது. நான் கூப்பிட்டால் காது மட்டும் அசைகிறது. நீ பகலைத்தான் எனக்குக் கொடுத்தாய், நாயும் அதற்குமேல் தரவில்லை.

மருமகளிடம் மாமன் எதையும் கேட்கிற வழக்கம் நம் பக்கம் இல்லை. நான் கேட்கிறேன். சனிக்கிழமை பெய்சென் வண்டியில் வா.

தொக்தார் மாமா