மஞ்சமூஞ்சிச் சாமி

நேப்பிள்ஸ், செப்டம்பர் கடைசி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? த்ரியெஸ்தேயில் அந்தப் பேய்க்காற்று அடங்கிய பிறகு வெளியே போங்கள். நான் நலம்.

மாடிவீட்டு நுன்சியாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தேன். இந்த ஊர்ப் புனிதர் சான் ஜென்னாரோவின் திருவிழாவன்று, பேராலயத்தில் குப்பியில் வைத்திருக்கும் அவருடைய உறைந்த ரத்தம் உருகினால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். திருவிழாவுக்கு நானே அழைத்துப் போனேன்.

வெகுநேரம் உருகவில்லை. புனிதரின் சொந்தக்காரிகள் என்று முன்வரிசையில் உட்காரும் பெண்கள், பொன்முலாம் பூசிய அவருடைய சிலையைப் பார்த்துக் கத்தினார்கள்.

"டேய் மஞ்சமூஞ்சி, எவ்ளோ நேரம்டா இழுப்ப? உருகித் தொலையேன்."

நுன்சியா என் கையை இறுக்கினாள். "நீயும் ரெண்டு வார்த்த திட்டு, டீச்சரம்மா. வெளியூர்க்காரி திட்டினா வெக்கப்பட்டாவது கேப்பான்."

வேதியியல் கற்பிக்கும் நான் திட்டினேன், அம்மா. மெதுவாகத்தான். கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டது. குப்பியை ஆட்டினால் ஏன் இளகும் என்பதற்கு என்னிடம் விளக்கம் உண்டு. அன்று வாயைத் திறக்கவில்லை.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. "ஸ்ஃபோலியாதெல்லா இனிப்பு சூடா வாங்கிட்டு வா, ஆஸ்பத்திரிக் கஞ்சிய மனுஷன் குடிப்பானா?" என்கிறாள். இனி பயமில்லை.

உங்கள் பழைய கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

பார்வையாளர் நேரம் ஆகிவிட்டது, கிளம்புகிறேன். அடுத்த திருவிழாவில் உங்கள் முழங்காலுக்காகவும் திட்டப்போவதாக நுன்சியா சொல்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள்
ஃபுல்வியா