காகிதப்பூவுக்கு இரண்டு குடம்

சேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
21.4.1987

நம் மகள் உபகாரத்தின் அப்பாவுக்கு லூசி எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு பெங்களூரிலிருந்து வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு காகிதப்பூச் செடி கொண்டுவந்தீர்கள். வாசலில் நீங்களே குழி வெட்டி நட்டீர்கள். “தெனம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்து. ஒரு நாள்கூடக் கொறைக்காத. பூத்ததும் சேதி சொல்லு, பங்களா வேலைய வுட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். அதோடு சரி. எப்போது வருகிறீர்கள் என்று நான் எழுதினால், செடி பூத்துவிட்டதா என்று நீங்கள் எழுதுகிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கும் அந்த ஒரு கேள்விதான் வந்தது, நீங்கள் வரவில்லை.

நானும் ஊற்றினேன். அணையில் தண்ணீர் இறங்கி, தெருக்குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தபோதும் ஊற்றினேன். அரிசி கழுவின தண்ணீர், மாட்டுச் சாணம் எல்லாம் போட்டேன். நான் தலைக்குக் குளிக்காமல் இருந்த வாரத்தில்கூட அதற்கு இரண்டு குடம் போனது. கரும்புக் கொல்லையில் நாளெல்லாம் காய்ந்த சோகை உரித்துவிட்டு வந்து தூக்குகிற குடம் அது, ஐயா!

செடி ஓடு வரைக்கும் ஏறிவிட்டது. இலையும் முள்ளும்தான். மருந்துக்கு ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாளின் புதுப் புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்ததில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. “இன்னாடி லூசி, பூவும் இல்ல, காயும் இல்ல, முள்ளுக்கா தண்ணி ஊத்திக்கினு இருக்குற?” என்று தெரு கேட்கக் கத்தினாள்.

மாசி நடுவில் வெள்ளிமலைப் பக்கம் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிற ஆதிமூலம் அண்ணன், குடிக்கத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார். நான் செடிக்குக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். “இதுக்குப் போயி தெனம் தண்ணி ஊத்துவாங்களாம்மா? ஊத்துனா எலதான் வுடும். காயப் போட்டாத்தான் பூக்கும். தோட்ட வேல செய்யறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே” என்றார்.

என் வீட்டுக்காரரும் தோட்ட வேலைதான் செய்கிறார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பங்களாத் தோட்டத்தில் காகிதப்பூ வளர்க்கிறவர் நீங்கள்.

விபூதிப் புதனன்று தண்ணீரை நிறுத்தினேன். செடிக்கும் தவக்காலம் என்று உபகாரத்திடம் சொன்னேன். இலை வாடித் தொங்கியபோது அவள் அழுதாள். “அம்மா, செத்துடும்மா, அப்புறம் அப்பா வரமாட்டாரு” என்றாள். எட்டு வயசுப் பிள்ளை, அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. நானும் ஒரு தடவை குடத்தைத் தூக்கிவிட்டேன். இருந்தாலும் ஊற்றவில்லை.

தவக்காலம் முடிகிற பெரிய வியாழனன்று பூத்தது. இலையே தெரியாமல் ஓடெல்லாம் செக்கச்செவேல் என்று கிடக்கிறது. பெரியம்மாளே கோயிலுக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். உபகாரம் ஒரு கொத்தைப் பறித்து உங்கள் போட்டோவுக்கு வைத்தாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தெரிந்து சொன்னீர்களா, மறந்து சொன்னீர்களா என்று கேட்டு உங்களைப் பொய் சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்லை. பூத்ததும் சேதி சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். மே பதினேழு ஞாயிற்றுக்கிழமை உபகாரத்துக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்தாகிவிட்டது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

வாருங்கள். வர மனசில்லை என்றால் அதை நேராக எழுதுங்கள், படித்துத் தாங்கிக்கொள்வேன். இன்னொரு செடியை மட்டும் கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.

மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
லூசி