மெர்லியின் மலை

வாயோஹினு, காவூ
ஞாயிறு மதியம்

அன்புத் தங்கை கலெஹுவாவுக்கு,

அக்கா நோஹேயா எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால் உனக்கு நன்றி. நீயும் ஐசெக்கும் சுகமாக இருக்க வேண்டும். ஒரேகானில் இப்போது குளிர் எலும்பைப் பிடிக்கும் என்று மாமா மகள் லிலிநோய் சொன்னாள். உனக்குப் பெண் பிறந்திருப்பதையும் அவள்தான் சொன்னாள். பெயர் கேட்டேன். தெரியாது என்றாள். தெரிந்தும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே மூன்று வாரமாக மழை விடவில்லை. காட்டுப்பன்றி மறுபடியும் வேலியை முட்டிக்கொண்டு வந்து சேம்புப் பாத்தியைக் கிளறிவிட்டது. சீமைப்பலா கிளை முறியக் காய்த்தது; ஒருத்தி எத்தனை தின்ன முடியும்? பழுத்துப் பொத்தென்று விழும்போதெல்லாம் வாசலில் யாரோ வந்த மாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இனி என் பாலர் பள்ளி விஷயம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் தாழ்வாகப் பேசாமல் வளர்வதற்கென்று போன வருஷம் எங்களுக்கு ஒரு பாடப் புத்தகம் அனுப்பினார்கள். படங்களில் எல்லாம் மாடி வீடுகள், பனி, கம்பளித் தொப்பி. வலை வீசப் போகும் கனிஹோ அங்கிளின் பேரன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளைங்க சண்டை போடுறது இந்தத் தெருவுல இல்லம்மா" என்றார். அதனால் ஆசிரியர்களும் பெற்றோர்களுமாக உட்கார்ந்து, நம் மலை, நம் ஓடை, நம் காற்று என்று பாடத்தை நாங்களே எழுதத் தொடங்கினோம். முதல் பாடம் என் பொறுப்பு. பிள்ளைகள் வட்டமாக நின்று, "என் மலை மௌனா லோவா, என் கடல் ஹோனுவாப்போ" என்று நம் தீவின் மொழியில் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நம் மொழியைப் பள்ளியில் பேசியதற்காக அடி வாங்கியவர்களின் வம்சம் நாம். நான்கு வயதுக் குரல்கள் அதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு பெருமை.

வட்டத்தில் மெர்லி என்று ஒரு பெண். ஐசெக்கைப் போலவே, பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த சூக் தீவுக் குடும்பம்; 'மைக்ரோ' என்று நம் ஊர் இளக்காரமாகச் சொல்லுமே, அந்த ஆட்கள். அம்மா ரெசினா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். மெர்லியின் முறை வந்தது. வாயைத் திறக்கவில்லை. சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அப்போது நம் லிலிநோயின் மகள் வைலானா முந்திக்கொண்டு, "அவளுக்கு மலை கிடையாது ஆன்ட்டி. அவ மைக்ரோ. மைக்ரோங்களுக்கு ஒண்ணுமே கிடையாது, நம்மளுதத்தான் எடுத்துப்பாங்க" என்றாள்.

யார் சொன்னார்கள் என்று அதட்டினேன். பிள்ளை பயப்படவே இல்லை. "நீங்கதான சொன்னீங்க! எங்க வீட்டுல, அம்மாகிட்ட!"

நான் மெர்லியின் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கழுவுங்கள், சாப்பிடலாம் என்று வட்டத்தைக் கலைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து மெர்லி வரவில்லை.

சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். எந்த வீட்டிலிருந்து இந்தப் பேச்சு வந்தது என்று பள்ளித் தலைவி கேட்டாள். எல்லோரும் லிலிநோயைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் தலை குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை, கலெஹுவா. எழுந்து நின்று, பேச்சு என்னுடையது என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கால் மடங்கவில்லை. உன் கதையையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

ஐசெக் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தது, தான் பிடித்த சூரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு. கால் கழுவ வீட்டுக்குள் வந்தவரை வெளிக்குழாய்க்குப் போகச் சொன்னேன். நாமெல்லாம் மேஜையில் உட்கார்ந்து அந்த மீனைத் தின்றோம். அவருக்குக் காகிதத் தட்டில் போட்டுப் படிக்கட்டில் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டை மடித்து, "நல்லா இருந்துச்சு அக்கா" என்றார். நீ என்னைப் பார்த்தாய். "நம்ம ரத்தம் பாதியாவது இருக்கிறவங்களுக்குன்னு அரசாங்கம் கொடுக்கிற நிலம், இருபத்தாறு வருஷம் காத்திருந்து அப்பா வாங்கினதுடி. அந்த மைக்ரோவைக் கட்டிக்கிட்டா நம்ம ரத்தம் குறைஞ்சு போகும், உன் புள்ளைங்களுக்கு இதுல ஒரு பிடி மண்ணு வராது" என்று அவர் காதில் விழவே பேசினேன். நிலத்துக்காகத்தான் அப்படிப் பேசினேன் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லிலிநோய் வெள்ளைக்காரனைக் கட்டியபோது இந்த ரத்தக் கணக்கை நான் எடுக்கவே இல்லையே. கூட்டத்தில் நின்று பேசும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

யாரும் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஒரு தகப்பன், "இவங்களா நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றது?" என்று எழுந்து போனான். நியாயம்தானே. இன்னொருத்தி, "நாங்களும் வீட்டுல அதத்தான் பேசுறோம், இவ வாயை விட்டு மாட்டிக்கிட்டா" என்றாள். சிரிக்கக்கூட ஆள் இல்லை. கடைசியில், வட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் முன்னோர் மண்ணையும் சொல்லலாம், தன்னை வளர்க்கும் மண்ணையும் சொல்லலாம் என்று பாடத்தைத் திருத்தினார்கள். எழுதும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ரெசினாவிடம் போய், மெர்லியை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கிற வேலை மட்டும் எனக்கு.

போனேன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையெல்லாம் கறை. உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கறையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். உன் ஊரில் மலை உண்டா என்று கேட்டேன்.

"இருக்கு டீச்சர். மலை இல்லாம தீவு எப்படி நிக்கும்? அஞ்சு வருஷமா உங்க ஊர்ல இருக்கேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க. அதுவும் என் புள்ள அழுததுக்கப்புறம்."

பிறகு, "கூட்டிட்டு வரேன். ஆனா நானும் உள்ள உக்காருவேன். எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்" என்றாள்.

அறுவடை நாளில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. வியாழக்கிழமை மெர்லி வாய் திறந்தாள். மலையின் பெயரைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன், தப்பாக வந்தது. "அப்படி இல்ல டீச்சர்" என்று மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவையும் எனக்கு வரவில்லை. வைலானாவுக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. லிலிநோய் முன்போல் வருவதில்லை. விளக்கைப் போட்டேன், சோறு வைத்தேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்து, இன்றைக்கு இது.

ஜூன் மாதம் பள்ளிக்கு விடுமுறை. உங்கள் ஊருக்கு வந்து உங்களையெல்லாம் பார்க்க ஆசை. நீ என் கூடப் பிறந்தவள், மனசு இளகி வா என்று சொல்லிவிடுவாய். அதனால் உன்னைக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை ஐசெக்கிடம் கொடு. அவர் படிக்கட்டும். வரலாமா என்று அவர் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நான் வர மாட்டேன். எனக்காக அவரிடம் நீ ஒரு வார்த்தையும் பரிந்து பேசக் கூடாது.

குழந்தையைக் குளிரில் வெளியே எடுக்காதே. எங்கே வளர்ந்தாலும் அவள் யார் வீட்டிலும் தலை நிமிர்ந்து நுழைகிறவளாக வளரட்டும்.

உன் அக்கா,
நோஹேயா